இருநூற்றைம்பது கிராமுக்கும் கீழே

நயினார் வீட்டுக்குத்தானே வழி கேட்டீர்கள், அண்ணாச்சி? உட்காருங்கள். இந்த பஸ் நிழற்குடையில் நல்ல காற்று வரும். அவன் வீடு எங்கேயும் ஓடிப்போகாது.

மாவு மில் நயினார்தானே? ஆலடிப்பத்தில் வேறு நயினார் கிடையாது. ஒருத்தன் இருந்தான், செத்துப்போனான். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். சொந்தக்காரர் என்றால் கையில் பழமும் பூவும் இருக்கும். உரக்கம்பெனிக்காரர் என்றால் தோளில் பை தொங்கும். நீங்கள் வெறுங்கையோடு இறங்கி, டீக்கடையில் கேட்காமல், வயசாளியாகப் பார்த்து என்னிடம் கேட்கிறீர்கள். அவன் மகள் கோமதியைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு நீங்கள் என்ன வேண்டும்? தாய்மாமனா? நினைத்தேன். தாய்மாமன்தான் இப்படி நின்று நிதானமாக விசாரிப்பான். அப்பாக்காரன் என்றால் நேரே வீட்டுக்குப் போய் மிக்சரைத் தின்றுவிட்டு, பிள்ளை லட்சணம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான்.

சரியான ஆளிடம்தான் வந்தீர்கள். அந்த வீட்டைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. அந்த வீட்டுக்குக் கரண்டு இழுத்தவனே நான்தான். லைன்மேன் உலகநாதன் என்றால் சுற்றுவட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள். இப்போது ரிட்டயர்டு. நல்லதைத்தான் சொல்லுவேன். நயினார் எனக்குச் செய்த காரியத்துக்கு, வேறு ஒருத்தனாக இருந்தால் உங்களை உட்காரவைத்து இல்லாததும் பொல்லாததும் சொல்லி, வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? கோமதி கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

பிள்ளை தங்கம், அண்ணாச்சி. பி.எட். படித்திருக்கிறாள். கான்வென்டில் கணக்கு டீச்சர். சின்னதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவாள். பெரியப்பா, பெரியப்பா என்று என் காலைச் சுற்றிக்கொண்டே கிடப்பாள். நயினாரும் நானும் சேக்காளிகள். அவனுக்கு மில்லு ஓடக் கரண்டு வேண்டும், கரண்டு வர நான் வேண்டும். அப்படிப் பழகியது, பிறகு கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் அவன் மில்லில்தான் உட்கார்ந்திருப்பேன். மேலெல்லாம் மிளகாய்ப்பொடி ஆகிவிடும். வீட்டுக்கு வந்தால் பாக்கியம், என் வீட்டுக்காரி, தும்மிக்கொண்டே திட்டுவாள்.

அப்படிப்பட்டவன்தான் என்னை கிராம சபையில் எழுப்பி நிறுத்தினான்.

எதனால் என்றா கேட்கிறீர்கள்? சொல்லுகிறேன். இதை மறைத்து வைத்து நாளைக்கு வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்லுவதைவிட, நானே உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரு ட்ரோனால் வந்தது. கல்யாண வீட்டில் தலைக்கு மேலே விர்ரென்று சுற்றிப் படம் எடுக்குமே, அதில் சின்னது. மஸ்கட்டில் இருக்கிற என் மருமகன் லீவில் வந்தபோது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். "மாமா, ரிட்டயர்டு ஆயி சும்மா இருக்கீங்கள்லா, இத வச்சுப் படம் புடிங்க" என்றார். சும்மா இருக்கிறேன் என்றது உண்மைதான். வேலையில் இருந்தபோது இந்த ஊரில் என்னைத் தேடாத வீடு கிடையாது. மழை பெய்தால் நான்தான் சாமி. ரிட்டயர்டு ஆன மறுவாரம் வீதியில் போனால், கரண்டு இல்லாத கம்பத்தைத் தாண்டிப் போகிற மாதிரி என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

ட்ரோனை மேலே ஏற்றிய அன்றைக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்ல. நான் வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறி ஊரைப் பார்த்தவன். முட்டி போன பிறகு, இனிமேல் அந்த உயரம் கிடையாது என்று இருந்தேன். இது திரும்பக் கொடுத்தது. கையில் செல்போன், அதில் ஊர். குளம், வயக்காடு, சர்ச்சுக் கூம்பு, அம்மன் கோவில், எல்லாம் வரைந்து வைத்த மாதிரி. ஊரே கூடிவிட்டது. நயினார்தான் "ஏ பைலட்டு, எம் மில்ல காட்டு" என்றான். காட்டினேன். தகரத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை. "இம்புட்டு நாளா இதுலதான் ஒழுகுதா" என்று அவனே ஆள் விட்டு அடைத்தான். சண்முகத்தாய் எருமை காணாமல் போனபோது உடைமரத்துக்குள் படுத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? அந்தப் படத்தையெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். பூவும் கைதட்டலும் வந்து குவியும். அதையெல்லாம் மறந்துவிட்டார்கள், அண்ணாச்சி. மனுஷன் செய்கிற நல்லது தண்ணியில் போட்ட உப்புத்தான்.

காளியப்பன் வீட்டு மாடி டேங்கில் அணில் செத்து மிதந்தது. அதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். தண்ணி குடிக்காதே என்று எச்சரிக்கத்தான். அவன் மாமியார் வந்து என் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். எங்கள் வீட்டுத் தண்ணியை ஊரே பார்த்து ஓங்கரிக்கும்படி செய்துவிட்டாய் என்று. நல்லதுக்கு வந்த பேரைப் பாருங்கள். மேலத்தெருவில் ஒருத்தி மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். யார் என்று சொல்லமாட்டேன், பாவம். மனசு கேட்காமல் அவள் புருஷனைக் கூப்பிட்டு, "உம் பொண்டாட்டி அழுதாடே, என்னன்னு கேளு" என்றேன். அன்றைக்கு ராத்திரியே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கும் நான்தான் காரணமாம்.

கேளுங்கள், நான் ஒழுங்கில்லாத ஆள் இல்லை. லைன்மேன் வேலையில் ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறினால் நாலு வீட்டுப் புறவாசல் தெரியும். குளிக்கிறது தெரியும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது தெரியும். அதனால் காலை வைக்கும் முன்னால் கீழே நின்று சத்தம் கொடுப்பேன். "கம்பத்துல ஆள் ஏறுது, தாய்மாரெல்லாம் பாத்துக்கிடுங்க." மூன்று பக்கமும் திரும்பிச் சொல்லுவேன். எதிரொலி அடங்கட்டும் என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "ஏறலாம் அண்ணாச்சி" என்று குரல் வரும். அப்புறம்தான் ஏறுவேன். இத்தனை வருஷத்தில் என்மேல் ஒரு சொல் கிடையாது. இப்போது வருகிற பையன்கள் அப்படியெல்லாம் கத்துவதில்லை.

ட்ரோனுக்கு நான் ஏன் கத்தவேண்டும்? அதுதான் தானாகவே சத்தம் போடுகிறதே. நான் வாயால் கொடுத்த குரலை அது இறக்கையால் கொடுக்கிறது. காதில் விழுந்தால் உள்ளே போய்விட வேண்டியதுதானே. இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுகிறாள்: "நீங்க கத்துனா ஏறுறது நீங்கன்னு தெரியும். ஏறலாம்னு நாங்க சொல்லணும். இது யாருகிட்டக் கேட்டுட்டு ஏறுது?" அவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்.

கோமதி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். மாடியில் மிளகாய் காயப்போட வந்திருக்கிறாள். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருக்கிறாள். வீட்டில் போடுகிற நைட்டி. கைப்பிடிச் சுவரில் செல்போனைச் சாத்தி வைத்துப் பாட்டுப் போட்டிருக்கிறாள் போல. எனக்குப் பாட்டுக் கேட்காது, படம் மட்டும்தான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பிள்ளை ஆட ஆரம்பித்துவிட்டாள். சிவப்பு மிளகாய் மாடி முழுக்க விரித்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு இடம். அந்த இடத்துக்குள் ஒரு மிளகாயை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். துண்டு அவிழ்ந்து விழுகிறது, எடுக்கவில்லை. சிரிக்கிறாள், ஆடுகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சைக்கிள் பாரில் உட்கார்ந்த பிள்ளையா இது என்று. முகம் தெரியவேண்டுமே என்று கொஞ்சம் கீழே இறக்கினேன். அப்போது அண்ணாந்து பார்த்துவிட்டாள். அப்படியே உள்ளே ஓடிவிட்டாள்.

அதைத்தான் குரூப்பில் போட்டேன். என் மகளாக இருந்தால் போடமாட்டேனா? "நம்ம வீட்டு மயில்" என்று எழுதி, ஒரு பாட்டும் சேர்த்தேன், பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அசிங்கமாக ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆடிப் பார்த்தாளாம், பிறகு தெரிந்தது.

அது குரூப்போடு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் எங்கேயெல்லாமோ போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய? நான் நம் ஊருக்குள் போட்டேன், அவ்வளவுதான். கான்வென்டில் படிக்கிற விடலைகள் அவள் போர்டில் எழுதத் திரும்பினால் பின்னால் அந்தப் பாட்டை ஹம் பண்ணினார்களாம். கொஞ்ச நாள் லீவு போட்டாள். இப்போது போகிறாள், போகிறாள், வேலையெல்லாம் இருக்கிறது, நீங்கள் அதை நினைக்கவேண்டாம். அந்தச் சமயத்தில் கடையநல்லூர்ப் பக்கம் ஒரு இடம் வந்து, பூ வைக்கிற அளவுக்கு நெருங்கியிருந்தது. அவர்கள் ஜாதகம் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாதகம்தான். நயினார்தான் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

என்ன அண்ணாச்சி, அது உங்களுக்குத் தெரியாதா? முந்தி ஒரு இடம் வந்தது சொல்லவில்லையா? சொல்லியிருப்பார்கள், மறந்திருக்கும். அது பெரிய விஷயம் இல்லை.

இப்போது நயினார் செய்ததைக் கேளுங்கள். கோபம் இருந்தால் என் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்திருக்கலாம். "ஏல ஒலகு, என்னல செஞ்சிருக்க" என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் எப்போதும்போல மில்லுக்குப் போனேன். ஸ்டூலை எடுத்துப் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சுத்தான் குறைவு. பிள்ளைக்கு இடம் தட்டிப்போன வருத்தம் என்று நினைத்தேன். "வார கிராம சபைக்கு வருவேல்லா?" என்று கேட்டான். "நீ வந்தா வாரேன்" என்றேன். ஒன்றாகத்தான் போனோம். அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பந்தலுக்குள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பஞ்சாயத்துத் தலைவரம்மா குடிதண்ணி, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்றதும், என் பக்கத்தில் இருந்தவன் எழுந்திருக்கிறான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுக்கிறான்.

வீடுகளுக்கு மேலே ட்ரோன் விடக்கூடாது, கோவில் கொடை, கல்யாணம் என்றால் பஞ்சாயத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விடவேண்டும், ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று தீர்மானம் போடவேண்டும். வாசிக்கிறான். என் பக்கம் திரும்பாமலே வாசிக்கிறான். என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த ஆள், அந்தத் தாளையும் பையில் வைத்துக்கொண்டுதானே வந்திருக்கிறான்? வழியெல்லாம் நான் அவன் முதுகுக்குப் பின்னால் கதை பேசிக்கொண்டு வந்தேன், அண்ணாச்சி. அதை நினைத்தால்தான் இன்னும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

நான் விடவில்லை. சட்டம் எனக்கும் தெரியும். மருமகன் சொல்லியிருந்தார். இருநூற்றைம்பது கிராமுக்குக் கீழே இருந்தால் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். நேரே எதிர்த்தாப்பிலே பலசரக்குக் கடைக்குப் போய்த் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டிலிருந்து ட்ரோனையும் எடுத்து வந்து, தலைவரம்மா மேஜையில் வைத்து, எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தேன். இருநூற்று நாற்பத்தொன்பது. "பாருங்க, ஒரு கிராம் கம்மி. கவர்மென்டே விட்டுருக்கு. நீங்க யாரு தடுக்கதுக்கு?" என்றேன். பின்னாலிருந்து காளியப்பன் மாமியார், "பல்லிகூடத்தான் எடை கம்மி. கொழம்புல விழுந்தா ஊத்திக்கிடுவீரா?" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. நயினார் சிரிக்கவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்மவ மாடிக்கு ஏறி மாசக்கணக்காச்சு, ஒலகு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"ஏறச் சொல்லேன். யாரு வேண்டாங்கா?" என்றேன். நியாயமான கேள்விதானே? அவன் உட்கார்ந்துவிட்டான்.

தலைவரம்மா கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் எழுந்தது. சண்முகத்தாய் கையும்தான். எருமை கிடைத்த கை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாக்கியம் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவளும் தூக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "நானும் மாடியில துணி காயப்போடுதேன்லா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

அதோடு விட்டானா என்றால், இல்லை. மறுநாள் ஆள் வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எஸ்.ஐ. சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், சரி. மெஷினுக்குப் பதிவு எண் எங்க? வெளிநாட்டுல இருந்து கொண்டாந்ததுக்கு அனுமதி எங்க?" என்றார். அதெல்லாம் மருமகன் சொல்லவில்லை. "அது கெடக்கட்டும். ஒரு பொண்ண அவளுக்குத் தெரியாம எடுத்துப் பரப்பினதுக்குக் கேஸ் போட்டா நீங்க உள்ள போயிருவீங்க. அதுக்கு எடையெல்லாம் கணக்கு இல்ல" என்றார். அங்கே பெஞ்சில் நயினார் உட்கார்ந்திருந்தான். அவரிடம் சொல்லுகிறான்: "கேஸ் வேண்டாம் சார். வயசான மனுசன். எல்லாத்தையும் அழிச்சுட்டு, இனிமே விடமாட்டேன்னு எழுதி வாங்கிட்டு விட்டுருங்க."

எப்படி இருக்கிறது பாருங்கள். புகார் கொடுத்ததும் அவன், மன்னித்துவிடுவதும் அவன். இவன் யார் என்னை விடச் சொல்லுவதற்கு? அந்த இடத்தில் அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து, வண்டியில் ஏறு என்று பின் சீட்டைத் தட்டினான். நான் நடந்தே வந்தேன். வழி நெடுக மெதுவாகப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு விட்ட பேச்சுத்தான்.

ட்ரோன் ஸ்டேஷனில் கிடக்கிறது. கோமதி என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். பெரியப்பா என்ற சொல் அந்த வாயிலிருந்து போய்விட்டது. நான் இந்த நிழற்குடையில் உட்கார்ந்து வருகிற வண்டியும் போகிற வண்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பிள்ளையைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். சந்தேகம் என்றால் நீங்களே பாருங்கள். எஸ்.ஐ. முன்னால் எல்லாவற்றையும் அழித்தேன், சத்தியமாக அழித்தேன். பிறகு தென்காசியில் இருக்கிற என் சகலை மகன், "சித்தப்பா, இது ஒங்க ஊரா?" என்று இதையே எனக்கு அனுப்புகிறான். அதை அழிக்க மனசு வரவில்லை. நான் எடுத்ததில் இதுதான் ஒன்று மிச்சம். செல்லைக் கொஞ்சம் நிழலில் பிடியுங்கள், வெயிலில் முகம் தெரியாது. பார்த்தீர்களா, ஒரு மிளகாயைக்கூட மிதிக்கவில்லை. இதோ, இந்த இடம். எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள். இந்தச் சிரிப்புள்ள பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு விளங்காமல் போகுமா?

எத்தனை பேரிடம் இருக்குமா? அதை எப்படி, அண்ணாச்சி, எண்ண முடியும். தென்காசி வரைக்கும் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பரைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன், வீட்டில் அக்காவும் பார்க்கட்டும். வேண்டாமா? சரி, வேண்டாம்.

அதற்குள் எழுந்துவிட்டீர்களே. நயினார் வீடு அந்தப் பக்கம் இல்லை, இந்தத் தெரு. அது சாத்தூர் வண்டி, அண்ணாச்சி, நீங்கள் வந்த திசைக்குத் திரும்பிப் போகிற வண்டி. எதற்குக் கை காட்டுகிறீர்கள்? வீட்டைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் நல்லதுதானே சொன்னேன்?

கொஞ்சம் நில்லுங்கள். அதோ வருகிறான் பாருங்கள், நீலச்சட்டை, வண்டியில். நயினார்தான். சட்டையில் மாவு இல்லாமல் அவனைப் பார்த்து நாளாயிற்று. அடுத்த வண்டிக்கு வருவேன் என்று சொல்லிவைத்திருந்தீர்களா? கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான். நீங்கள் வந்து இறங்கவேண்டிய பக்கம் உங்களைத் தேடுகிறான். நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்.

என்னைப் பார்த்துவிட்டான். உங்களையும் பார்த்துவிட்டான், அண்ணாச்சி. இங்கேதான் வருகிறான். வண்டி கிளம்புவதற்குள் அந்த ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்க மகளைப் பத்தி உலகநாதன் நல்லவிதமாத்தான் சொன்னார் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.